நாலாவது மாடிக்கு வந்த நாய்க்குட்டி

என் கணவர் வீட்டுக்குள் எதையாவது கொண்டுவருகிறார் என்றால் முதலில் வாசலில் நின்று தொண்டையைக் கனைப்பார். ஒருமுறை அப்படிக் கனைத்துவிட்டுப் பழைய தையல் மெஷினோடு வந்தார். இன்னொரு முறை யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன மீன் தொட்டி. அன்று சாயங்காலமும் தன்லியின் என்ற ஊரிலிருக்கும் தொழிற்சாலையிலிருந்து திரும்பியவர் வாசலில் நின்று கனைத்தார். நான் அடுப்படியிலிருந்தே, "எதுவா இருந்தாலும் வந்த வழியே கொண்டுபோயிடுங்க" என்றேன். பதிலுக்கு ஒரு தும்மல் கேட்டது. அது அவருடைய தும்மல் இல்லை.

போய்ப் பார்த்தால் சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. டீயில் நனைத்த ரொட்டியின் நிறம். இரண்டு காதில் ஒன்று நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும் இருந்தது. பொமரேனியனும் இன்னொரு சின்ன ஜாதியும் கலந்தது என்றார் கணவர். அந்த இன்னொன்று எது என்று கேட்டால் கொடுத்தவருக்கே தெரியாதாம்.

"சின்ன ஜாதி. இதுக்கு மேல பெரிசா வளராது. ஃப்ளாட்டுக்குன்னே உள்ள நாய்" என்றார்.

"ஃப்ளாட்டுக்குன்னே உள்ள நாய்னா மாடிப்படி ஏறி வந்திருக்கணுமே, ஏன் பையில உக்காந்து வருது?" என்று கேட்டேன்.

அவர் கை கழுவப் போய்விட்டார். நான் கோபமாக இருக்கும்போது பேசினால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வோம் என்று இத்தனை வருட அனுபவத்தில் தெரிந்துவைத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் விவரம் சொன்னார். கூட வேலை செய்கிறவர் வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது. மாவ்பியில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் அவருடைய அண்ணனுக்கும் ஒரு குட்டி வேண்டுமாம். ஆனால் முதலில் கேட்டது இவர் என்பதால் இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டுக்கு ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளலாம், வராவிட்டால் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் அண்ணன் பட்டணத்துக்கு வரும்போது எடுத்துப்போய்விடுவார்.

"அதுவரைக்கும் பாப்போமே" என்றார்.

அரை மனசாகத்தான் சரி என்றேன். ஒரு நிபந்தனை போட்டேன். பெயர் வைக்கக் கூடாது. பெயர் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால் அது எங்கள் வீட்டில் குட்டியாகவே இருந்தது.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. எங்கள் வீட்டைப் பார்த்தவர்கள் என் பக்கம்தான் பேசுவார்கள். பட்டணத்துக்கு நடுவில், கியாக்டடாவில் பஸ் சத்தம் ஓயாத பெரிய ரோட்டிலிருந்து ஒடித்துத் திரும்பும் சந்தில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடத்தில் நாலாவது மாடி. படிகள் செங்குத்தாக இருக்கும். அரிசி மூட்டையோடு ஏறுகிறவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுவார்கள். வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் சின்ன பால்கனி, பின்னால் அடுப்படி, நடுவில் நாங்கள் மூன்று பேர். அதோடு என் கிரைண்டர்.

நான் இட்லி தோசை மாவு விற்கிறேன். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது அரைப்பேன். அது நடு ராத்திரியாகவும் இருக்கும், நடுப் பகலாகவும் இருக்கும். எங்கள் ஊரில் எல்லா மாடி வீட்டு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேல் நுனியில் மணி. கீழே வருகிறவர்கள் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிவிட்டுப் போவார். என் வாடிக்கைக்காரர்கள் மணியடிப்பார்கள், நான் மாவுப் பாக்கெட்டைக் கட்டி இறக்குவேன். யாரும் மாடியேற வேண்டாம், நானும் இறங்க வேண்டாம். அந்தக் கயிறு இல்லாவிட்டால் எனக்கு வியாபாரமே இல்லை. தினமும் அதை நன்றியோடு தொட்டுக் கும்பிடாத குறைதான்.

மாவு விற்கிற வீட்டில் நாய். ஒரு முடி, ஒரே ஒரு முடி யாராவது ஒருவர் தோசையில் வந்தால் என் கதை முடிந்தது. இதைத்தான் நான் முதல் நாளிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். கணவர் பலகைகளை அறுத்து அடுப்படி வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு அடித்துக் கொடுத்தார். அதைத் தாண்டி உள்ளே போகும்போதெல்லாம் புடவை மாட்டிக்கொண்டது. நான் இந்த ஊர்க் கைலியான லோஞ்சிக்கு மாறினேன்.

எங்களுக்கு ஒரே மகள். எட்டாம் வகுப்பு. அவளைப் பற்றிச் சொல்லாமல் குட்டியைப் பற்றிச் சொல்ல முடியாது.

தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். ஆனால் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பர்மியத்தில்தான் பதில் சொல்வாள். என்னை அமே என்று கூப்பிடுவாள், அப்பாவை அபே என்பாள். அது பரவாயில்லை, இங்கே எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான். நானும் இந்த ஊரிலேயே பிறந்தவள்தான். ஆனால் என் பர்மியம் கடைவீதிப் பர்மியம். பேரம் பேசலாம், சண்டை போடலாம். மகள் பேசுகிற வேகமான பள்ளிக்கூடப் பர்மியத்தில் பாதி எனக்குக் கை நழுவிப் போகும். போன வருடம் அவளுடைய உயிர்த் தோழியின் குடும்பம் பாங்காக்குக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் பேச்சே சுருங்கிப் போயிற்று. சாப்பிட்டாயா என்றால் தலையாட்டுவாள். பள்ளிக்கூடம் எப்படி என்றால் நல்லா இருக்கு என்பாள். சண்டை இல்லை, கோபம் இல்லை. மரியாதையான விருந்தாளி மாதிரி வீட்டில் நடமாடினாள். சண்டை போடுகிற பிள்ளையைச் சமாளித்துவிடலாம். விருந்தாளியை என்ன செய்வது? அது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

குட்டி வந்த அன்று அவள் துள்ளிக் குதிக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். குட்டி அவள் கால் கட்டைவிரலைக் கடித்துப் பார்த்துவிட்டு அங்கேயே தூங்கியது.

அடுத்து வந்த நாட்களில் ஒத்துவராதவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. படி ஒவ்வொன்றும் குட்டியை விட உயரம். கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனபோது, இந்த மாதிரிச் சின்ன ஜாதியைப் படியில் ஏறி இறங்க விட்டால் எலும்பு கெட்டுப்போகும், தூக்கித்தான் போக வேண்டும் என்றார். தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனால் அங்கே சந்து நாய்கள் சட்டமாக உட்கார்ந்திருக்கும். தெருவே அவற்றுக்குச் சோறு வைப்பதால் சொந்த வீட்டுக்காரர்கள் மாதிரி ஒரு மிதப்பு. எங்கள் குட்டியைக் கீழே விட்டால் மோந்து பார்க்கவே ஏழெட்டு வந்துவிடும். குட்டி பயத்தில் ஒன்றும் செய்யாமல் மேலே வந்து, என் துவைத்த துணியின் மேல் எல்லாவற்றையும் செய்யும்.

அதோடு மணி. எங்கள் மணி அடித்தால் குரைத்தது. மேல் வீட்டு மணிக்கும் குரைத்தது, கீழ் வீட்டு மணிக்கும் குரைத்தது, எதிர்க் கட்டிடத்து மணிக்கும் குரைத்தது. அந்த உடம்புக்கும் அந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. என் பாத்திரங்கள் அதிர்ந்தன.

இதற்கு நடுவில்தான் ஒரு மத்தியானம் நடந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்தார்கள். நான் அடுப்படியில் உளுந்து கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"ஏண்டி, எத்தன வாட்டி சொல்றது உனக்கு? காது இருக்கா இல்லையா? வா இங்க. வர்றியா, நான் வரவா? மூஞ்சியப் பாரு. சாப்பிட்டதும் தூங்கணும்னு இருக்கா, இல்ல ஊரு சுத்தணுமா?"

யாரோ என்னைப் போலவே பேசுகிறார்கள் என்று நினைத்தேன். தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தால் என் மகள். குட்டியை மடியில் போட்டுக்கொண்டு என் திட்டையெல்லாம் வரிசையாக அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குரல் ஏற்ற இறக்கம் உட்பட அப்படியே நான். திட்டிவிட்டு, "சரி சரி, என் தங்கம் இல்ல" என்று கொஞ்சவும் செய்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் கொஞ்சியது. அது அவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

நான் சத்தம் காட்டாமல் உள்ளே வந்துவிட்டேன். உளுந்தை மறுபடி மறுபடி கழுவினேன். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. எனக்குக் கிடைக்காதது அந்த ரொட்டித் துண்டுக்குக் கிடைத்திருக்கிறது. ராத்திரி கணவரிடம் சொன்னபோது அவர் மெதுவாகச் சிரித்தார். "ஏன் கொண்டுவந்தேன்னு நெனைக்கிற?" என்றார். அந்த மனுஷனை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அன்று திட்டவில்லை.

அப்படியானால் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு கட்டிடத்தில் குடியிருக்கிறவர்கள் தங்கள் வீட்டுக்கு மட்டும் ஒத்துவந்தால் போதும் என்று இருக்க முடியாது. மூன்றாவது மாடியில் எங்களுக்கு நேர் கீழே ஒரு பர்மிய ஆன்ட்டி இருக்கிறார். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாள். காலையிலும் மாலையிலும் கண்ணை மூடித் தியானத்தில் உட்காருவார். எங்களுக்கு மேலே ஐந்தாவது மாடியில் ஓர் இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. தியானத்துக்கும் தூக்கத்துக்கும் நடுவில் என் வீட்டில் ஒரு குரைப்பு.

கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். அதுதான் தப்பு.

இந்த ஊரில் ஆனாடே என்று ஒன்று உண்டு. தன்னால் அடுத்தவருக்கு ஒரு சங்கடம் வந்துவிடக் கூடாது என்று மனம் கூசுவது. தாகமாக இருந்தாலும் தண்ணீர் வேண்டாம் என்பார்கள், காலை மிதித்தாலும் சிரிப்பார்கள். என்ன கேட்டாலும் யா பா தே என்று ஒரு பதில் வரும். பரவாயில்லை, ஒன்றும் இல்லை, நடக்கட்டும் என்று எல்லா அர்த்தமும் அதற்குள் உண்டு. உண்மையிலேயே பரவாயில்லையா என்பதை மட்டும் அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஒரு தட்டில் இட்லியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், நாய் குரைக்கிறதே, தொந்தரவாக இருக்கிறதா என்று நேருக்கு நேர் கேட்டேன்.

ஆன்ட்டி சிரித்துக்கொண்டு, "யா பா தே, தமீ" என்றார். தமீ என்றால் மகளே. ஐந்தாவது மாடிப் பெண் குழந்தையைத் தோளில் தட்டியபடி, "யா பா தே, அக்கா" என்றாள். இரண்டாவது மாடியிலும் யா பா தே, முதல் மாடியிலும் யா பா தே. எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சிரிப்பு. நான் ஒருவரையும் நம்பவில்லை. ஆன்ட்டி மறுநாள் கயிற்றில் மணியடித்து ஒரு கிண்ணம் மொஹிங்கா அனுப்பினார். நல்ல மீன் குழம்போடு சேமியா. இது வெறும் மொஹிங்காவா, அல்லது நாயை அடக்கு என்று நாசூக்காகச் சொல்கிறாரா என்று யோசித்து யோசித்து அதை ஆறவைத்துத்தான் சாப்பிட்டேன்.

வெயில் ஏறியது. ஒருநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் வரவில்லை. மத்தியானம் குட்டி குளியலறைத் தரையில் நாலு காலையும் பரப்பிப் படுத்துக்கொண்டு இரைத்தது. தண்ணீர் வைத்தால் குடிக்கவில்லை. கண் செருகியது. அத்தனை முடியோடு அது இந்த வெயிலை எப்படித் தாங்கும்? ஈரத் துண்டைப் போர்த்தி, மகளும் நானும் மாற்றி மாற்றி அட்டையால் விசிறினோம். சாயங்காலம் எழுந்து வாலை ஆட்டிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. நான் பயந்துவிட்டேன். அந்தப் பயத்தில் ஒரு முடிவுக்கு வந்தேன். மாவ்பியில் தோட்டம், மரம், மண். இங்கே சிமெண்ட்டும் படியும். எங்கள் ஆசைக்காக அதை ஏன் வாட்ட வேண்டும்?

மகளை உட்காரவைத்துக் கேட்டேன். "குட்டிய மாவ்பிக்கு அனுப்பிடலாமா? அங்க நெழல் இருக்கு, ஓட எடம் இருக்கு. நீ என்ன சொல்ற?"

அவள் குட்டியின் மடிந்த காதை நீவிக்கொண்டே, "யா பா தே, அமே" என்றாள்.

அழுவாள், அடம் பிடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். எவ்வளவு பக்குவமான பிள்ளை என்று பெருமையாக இருந்தது. கணவரிடம் சொல்லி மாவ்பிக்காரருக்குப் போன் போடச் சொன்னேன்.

செய்தி படியிறங்க அதிக நேரம் ஆகவில்லை. மறுநாளே ஆன்ட்டி மேலே ஏறி வந்தார். முட்டிவலிக்காரர், எதற்கும் கயிற்றைத்தான் இழுப்பார், ஏறி வர மாட்டார். வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்றார், பிறகு குடித்தார்.

"நாயை அனுப்புறியாமே" என்றார். பர்மியத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஆமா ஆன்ட்டி. உங்களுக்கெல்லாம் தொந்தரவு."

"நான் தொந்தரவுன்னு சொன்னேனா? நீ வீடு வீடாப் போய்க் கேட்ட. கேட்டுட்டு இப்ப அனுப்புற. அப்ப நாங்கதானே அனுப்புன மாதிரி ஆச்சு? உன் மகள் முகத்தை நான் படியில எப்படிப் பார்ப்பேன்?"

தொந்தரவு தரக் கூடாது என்று போய், கட்டிடம் முழுவதற்கும் ஒரு மனக்கஷ்டத்தைத் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

"குரைக்கும்போது உங்க தியானம் கெடலையா?" என்று கேட்டேன்.

"தமீ, உன் கிரைண்டர் ஓடும்போதே நான் தியானத்துல உக்காந்திருக்கேன். அந்தக் குட்டி என்ன செஞ்சுடும்?"

சொல்லிவிட்டு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? என் கல் எந்த நேரத்தில் ஓடினாலும் இந்தக் கட்டிடத்தில் ஒரு கதவும் திறந்து என்னைக் கேட்டதில்லை. அவர்களிடமிருந்து எவ்வளவு பெற்றுக்கொண்டிருக்கிறேன் என்பது அன்று உறைத்தது. நெஞ்சு நிறைந்துபோயிற்று.

போகும்போது ஆன்ட்டி, வெயில் மத்தியானங்களில் குட்டியைத் தன்னிடம் விடச் சொன்னார். அவர் வீட்டில் பேட்டரி விசிறி இருக்கிறது. அன்று சாயங்காலம் ஐந்தாவது மாடிப் பெண் குழந்தையோடு வந்து நின்றாள். குரைப்புச் சத்தம் கேட்டால் குழந்தை சிரிக்கிறதாம், அதை வைத்துத்தான் சோறு ஊட்டுகிறாளாம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆனாடே என்று நான் ஆராயவில்லை. அவள் படியிறங்கி வந்து சொன்னாளே, அது போதும்.

ஆனாலும் முடிவை நான் மாற்றவில்லை. மாவ்பிக்காரர் குட்டிக்காகக் கம்பிவலை வாங்கிக் கூண்டு கட்டிவிட்டாராம். ஒரு மனிதரை அவ்வளவு செய்ய வைத்துவிட்டு வராதே என்று எப்படிச் சொல்வது? மகளும் சரி என்றுதானே சொன்னாள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று பிடிவாதமாக இருந்தேன். அதுவும் என் குணம்தான்.

அவர் வந்த அன்று கணவரும் வீட்டில் இருந்தார். மூடி போட்ட மூங்கில் கூடையோடு மாவ்பிக்காரர் மாடியேறி வந்தார். வெயிலில் கறுத்த முகம், சாந்தமான மனிதர். மேலே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூட்டை நிறையக் கத்தரிக்காயும் புளிச்சக்கீரையும் எங்களுக்குக் கொண்டுவந்திருந்தார். இட்லி வைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சாப்பிட்டார்.

மகள் ஒரு பையோடு அறையிலிருந்து வந்தாள். அவளே எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். குட்டியின் கிண்ணம், துண்டு, பாதி தீர்ந்த சாப்பாட்டுப் பாக்கெட், மணம் தெரிந்தால் பயப்படாது என்று தன்னுடைய ஒரு பழைய சட்டை. பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஊலே, இதுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்" என்று பர்மியத்தில் அவரிடம் சொன்னாள். ஊலே என்றால் மாமா மாதிரி. "நீங்க கொஞ்சம் கத்துக்கணும். வா."

"வா" என்றார் அவர்.

"உக்காரு."

"வூக்காரு."

"போதும். இது முக்கியம். சாப்பிட்டுக்கிட்டே இருக்கும், போதும்னு சொல்லணும்."

அவர் கையிலிருந்த இட்லியைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிச் சொன்னார். அவள் பொறுமையாகத் திருத்தினாள். கடைசியில், "தூங்க மாட்டேன்னா, என் தங்கம் இல்லன்னு சொல்லுங்க" என்றாள். அவருக்கு அது நீளம். நாக்கு புரளவில்லை. "கஷ்டமா இருந்தா தங்கம் மட்டும் போதும்" என்று அவளே சுருக்கிக் கொடுத்தாள்.

கணவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

அவள் குட்டியைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தாள். மூடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. ஒரு வார்த்தைக்குக் கேட்டுவைப்போம் என்று, "உனக்குப் பரவாயில்லதானே?" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "யா பா தே, அமே."

அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். இட்லித் தட்டோடு மாடி மாடியாகப் போனபோது ஒவ்வொரு வாசலிலும் பார்த்தேன். ஊரார் சொன்ன யா பா தே ஒன்றைக்கூட நான் நம்பவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் சொன்னபோது அப்படியே நம்பி, பக்குவம் என்று பெருமைப்பட்டும்விட்டேன். என் பிள்ளை என்னிடம் ஆனாடே பார்க்கிறாள். அம்மாவின் வியாபாரம், அம்மாவின் கோபம், அம்மா வந்தவருக்குக் கொடுத்த வாக்கு என்று எல்லாவற்றையும் நினைத்து, தன் ஆசையைத் துண்டோடும் கிண்ணத்தோடும் பையில் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். இந்த ஒரு வருடமாக எல்லாம் நல்லா இருக்கு, எல்லாம் பரவாயில்லை என்று அவள் சொன்னதெல்லாம் என்ன என்று அப்போது புரிந்தது.

நான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூடியைப் பிடித்திருந்த அவள் கைமேல் என் கையை வைத்தேன்.

"இந்தா பாரு. ஆனாடே எல்லாம் வெளி ஆளுக்கு. நான் உன் அம்மா. எங்கிட்ட அது வேணாம். நான் கோச்சுக்குவேன், கத்துவேன், அதுக்காக நீ மறைக்காத. உனக்கு என்ன வேணும்னு சொல்லு."

அவள் கூடையைப் பார்த்தாள். மாவ்பிக்காரரைப் பார்த்தாள். அவர் இன்னும் இட்லியைத் தொடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள். எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை முழுவதும் ஒரே மூச்சில் வந்தது.

"வேணும்மா" என்றாள். "எனக்குக் குட்டி வேணும்மா."

அமே இல்லை, அம்மா. அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. கணவர் பால்கனியிலிருந்து திரும்பி வந்து வாசற்படியில் நின்றார்.

மாவ்பிக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர் அன்று கற்றுக்கொண்ட வார்த்தைகளில் இது இல்லை. "பிள்ளை என்ன சொல்லுது?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். வெயிலில் அவ்வளவு தூரம் வந்தவர், கூண்டு கட்டி வைத்திருக்கிறவர். அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. மகள் முதுகைத் தடவிக்கொண்டே அவள் சொன்னதை அவருக்குப் பர்மியத்தில் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். கூடைக்குள் கைவிட்டு, தூங்கிப்போயிருந்த குட்டியை இரண்டு கையாலும் தூக்கி, என் மகளின் மடியில் வைத்தார்.